பாவம் பார்த்துத் தரும் கோப்பை

அப்பா இறந்து மூன்று மணித்தியாலமும் இருபது நிமிடமும் ஆகியிருந்தன. யூலியானா டென்மார்க்கின் ஒடென்சே நகர மைதானத்தின் ஓரத்தில் காரின் பின்கதவைத் திறந்து வைத்து, இடைவேளைக்குக் கொடுக்கத் தோடம்பழங்களை நாலாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஏன் லேட்?"

றொஜிதன் ஒற்றைக் காலில் துள்ளியபடி சப்பாத்தை இழுத்து மாட்டினான். கிரின்ஸ்டெட் ஊரின் உதைபந்தாட்ட அணிக்குக் கோல்காப்பாளன். அவளைவிட ஆறு வயது இளையவன்.

"றோட்டில வேலை நடக்குது."

"அப்பா ராத்திரி படுத்தவரோ?"

"படுத்தவர்."

"என்னவும் சொன்னவரோ?"

"வெளியில ஓடி வரவேண்டாமாம். கோலுக்குள்ள நிக்கட்டாம்."

அவன் சிரித்தான். அது அப்பா நேற்று மாலை சொன்னது. அவள் பொய் சொல்லவில்லை. அணியின் முன்வரிசைக்காரன் மைக்கல் அவனைக் கூப்பிட்டான். றொஜிதன் ஓடினான்.

யூலியானா அடுத்த பழத்தை எடுத்தாள். அவள் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் மூன்று வருடமாகப் பக்கத்து மேசையில் இருக்கும் அன்னா, இவள் எப்போது சந்தோஷமாக இருக்கிறாள், எப்போது இல்லை என்று இன்னும் தனக்குத் தெரியவில்லை என்பாள். கூச்சத்தில் மூடியே பழகிய முகம். இன்றுதான் அது ஒரு உதவி.

காலையில், கடைசி நாட்களில் இருப்பவர்களைப் பராமரிக்கும் ஹொஸ்பிஸில், தாதி ஜன்னலைத் திறந்துவிட்டுப் போன பிறகு, அம்மா அப்பாவின் முகத்தை ஈரத் துணியால் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "நீ போ. நீ அங்க நிக்காட்டித் தம்பி கண்டுபிடிச்சிடுவான்."

"நீங்கள் தனிய, அம்மா."

"தனிய இல்லை. அவர் இருக்கிறார். நான் ஃபாதருக்கு மட்டும் சொல்லுறன். போ."

போகச் சொன்னது அம்மா. சொல்லக் கூடாது என்றது அப்பா. நேற்று அரையிறுதியில் வென்ற செய்தி வந்ததும் அவர் ஒட்சிசன் குழாயை மூக்கிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினார். "நாளைக்கு எனக்கு என்ன நடந்தாலும் விசில் ஊதி முடியுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லப்படாது. ஆனந்தராஜான்ர காதுக்குப் போச்செண்டா அவன் மைக்கைப் பிடிச்சிடுவான். பிறகு விடமாட்டான்."

ஆனந்தராஜா டென்மார்க் தமிழர்களின் இந்தச் சுற்றுப்போட்டிக்குத் தலைவர். இன்று எதிரே விளையாடும் அல்பர்ட்ஸ்லுண்ட் அணிக்கும் அவர்தான் பொறுப்பு. மூன்று வருடங்களுக்கு முன், இறுதியாட்டத்தின் நடுவில், ஒரு விளையாட்டுக்காரனின் தாய் இறந்த செய்தி வந்தது. அவர் ஆட்டத்தை நிறுத்தினார். இரண்டு நிமிடம் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிறகு அந்த அணியிடமே கோப்பையைக் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அன்று காரில் வீடு திரும்பும்போது அப்பா வானொலியை அணைத்தார். "நல்ல மனுசன்தான். ஆனா அந்தக் கோப்பையை அந்தப் பெடியள் எங்க கொண்டுபோய் வைப்பாங்கள்?" என்றார்.

அப்பாவுக்கு வேண்டியது வேறு. அல்பர்ட்ஸ்லுண்டுக்கு நகைக்கடைக்காரர்களும் வீடு விற்பவர்களும் பணம் கொடுத்தார்கள். ஒஸ்லோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விளையாட்டுக்காரர்கள் விமானத்தில் வந்து இறங்கினார்கள். கிரின்ஸ்டெட் பெடியள் இரவு வேலை முடித்து, வாடகை வானுக்குத் தாங்களே காசு போட்டு வந்தார்கள். அவர்களுடைய சட்டையில் எப்போதோ மூடிவிட்ட ஒரு பீட்சாக் கடையின் பெயர் இருந்தது. சுற்றுப்போட்டியின் ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் கிரின்ஸ்டெட் சார்பில் அப்பா எழுந்து அதே இரண்டு விஷயங்களைக் கேட்டார். வெளிநாட்டிலிருந்து இரண்டு பேருக்கு மேல் கொண்டுவரக் கூடாது. சுற்றுப்போட்டிக்கு வரும் விளம்பரக் காசில் ஒரு பங்கு சின்ன ஊர்களின் பயணத்துக்குப் போகவேண்டும்.

"நிக்கலஸ் அண்ணை, உங்கட ஊரில ஆக்கள் இல்லாததுக்கு நாங்கள் என்ன செய்யிறது?" என்று சபையில் சிரிப்பார்கள்.

"ஆக்கள் இருக்கினம். விமானம்தான் இல்லை" என்பார் அப்பா.

ஏழு வருடம் கேட்டார். இந்தத் தையில் அது நிறைவேறியது. இந்த ஆவணியில் கிரின்ஸ்டெட் முதல் தடவையாக இறுதியாட்டத்துக்கு வந்திருந்தது.

டேனிஷ் நடுவர் விசிலை ஊதினார்.

பதினொராவது நிமிடத்தில் மைக்கல் கோல் அடித்தான். யூலியானா கத்தினாள். தன் குரலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டு வாயைப் பொத்தினாள். அழவேண்டிய நாளில் நெஞ்சு இப்படித் துள்ளலாமா என்று நினைத்தாள். ஆனால் அடுத்த பந்து வலது பக்கத்தால் போனதும் மறுபடி கத்தினாள். எதிர்ப்பக்கத்துக் கூடாரத்தில் காப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற அல்பர்ட்ஸ்லுண்ட் ஆட்கள், "அது கிரின்ஸ்டெட்டோ, வேற ஆரும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திட்டாங்களோ?" என்று பகிடி விட்டார்கள். போன வருடம் கிரின்ஸ்டெட் இவர்களிடம் ஏழு கோல் வாங்கியிருந்தது.

இடைவேளைக்குச் சற்று முன் அல்பர்ட்ஸ்லுண்ட் ஒன்று அடித்தது. ஒன்றுக்கு ஒன்று.

அவள் தோடம்பழத் தட்டைப் பெடியளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, ஆனந்தராஜா கைபேசியைப் பிடித்தபடி காரடியில் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"பிள்ளை, பூசைக்குப் போன ஒராள் இப்ப எடுத்தவர். ஃபாதர் மன்றாட்டில நிக்கலஸ் அண்ணையின்ர பேரைச் சொன்னவராம். ஆத்தும இளைப்பாற்றிக்கு எண்டு." அவர் கைபேசியைத் தாழ்த்தினார். "உண்மையோ?"

ஃபாதருக்கு மட்டும் என்று அம்மா நினைத்திருந்தாள். இன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை என்பது மறந்துபோயிருக்கும். யூலியானா தலை குனிந்தாள். புல்லைப் பார்த்தாள். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

"ஐயோ பிள்ளை. நீ இதை வைச்சுக்கொண்டு இங்க நிக்கிறியோ?" அவர் கண்ணைத் துடைத்தார். "நான் நிப்பாட்டுறன். கோப்பை உங்களுக்குத்தான். எங்கட பெடியளும் ஓமெண்டுவாங்கள். அண்ணையின்ர பேராலேயே குடுப்பம்."

அவர் மேசையை நோக்கி நடக்கத் தொடங்கினார். மைக் அங்கே இருந்தது.

அவள் பெரியவர்களோடு ஓம், இல்லை என்பதற்கு மேல் பேசியதில்லை. இப்போது ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"வேண்டாம் அங்கிள்."

"என்ன வேண்டாம்?"

"கோப்பை. நிப்பாட்டாதேங்கோ."

"பிள்ளை, செத்தவீட்டை வைச்சுக்கொண்டு விளையாடினால் சனம் என்ன சொல்லும்? றொஜிக்குத் தெரியுமோ?"

"தெரியாது. முடிய நான் சொல்லுவன்."

"அவன் உன்னை மன்னிப்பானோ?"

அது அவளுக்குத் தெரியாது. "ஏழு வருசம் அப்பா கேட்டது ஒழுங்கான ஒரு மேட்ச், அங்கிள்" என்றாள். "இண்டைக்குத்தான் அது நடக்குது. உங்கட பெடியளுக்குச் சொல்லாதேங்கோ. சொன்னீங்களெண்டா அவங்கள் விட்டுத் தருவாங்கள்."

ஆனந்தராஜா மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கைபேசியை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"தேப்பனைப் போலத்தான்" என்றார். "நான் கேட்டா எப்பவாவது ஓமெண்டு சொல்லியிருக்கிறாரோ அந்த மனுசன்."

இரண்டாம் பாதியில் காற்று எழுந்தது. தூறியது. யாரும் ஒதுங்கவில்லை. பந்து ஒரு பக்கம் நிற்காமல் போய் வந்துகொண்டிருந்தது. "கொம் நூ, கொம் நூ" — வாங்கோ, வாங்கோ — என்று றொஜிதன் டேனிஷில் முன்வரிசையைத் துரத்தினான். இரவு வேலையிலிருந்து நேராக வந்திருந்த இடது பின்னணிக்காரன் தசைப்பிடிப்பில் விழுந்தான். எழுந்து ஓடினான். மறுபடி விழுந்தான். கிரின்ஸ்டெட்டுக்கு ஃப்ரீகிக் கிடைத்தது. மைக்கல் அடித்த பந்து மறித்துச் சுவர்போல் நின்றவர்களில் ஒருவனின் தோளில் பட்டு உள்ளே போனது. இரண்டுக்கு ஒன்று. முன்பின் தெரியாத ஒரு அன்ரி யூலியானாவைக் கட்டிப் பிடித்துக் குலுக்கினார். அவளும் குலுங்கினாள்.

ஐந்து நிமிடத்தில் இரண்டுக்கு இரண்டு. எதிர்க் கூடாரமே எழும்பிக் குதித்தது. ஆனந்தராஜா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் யாருக்கும் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. விட்டுத் தருகிறவர்கள் இப்படி ஓடமாட்டார்கள்.

றொஜிதன் ஒரு பந்தை விரல் நுனியால் தட்டினான். இன்னொன்றைக் காலால் தடுத்தான். ஆட்டம் முடியச் சில வினாடிகளே இருந்தபோது மூலையிலிருந்து வந்த பந்துக்கு, அல்பர்ட்ஸ்லுண்டுக்கு விமானத்தில் வந்த ஒஸ்லோக்காரன் எல்லோருக்கும் மேலே எழும்பித் தலை கொடுத்தான். றொஜிதன் கோலுக்குள்தான் நின்றான். பாய்ந்தான். எட்டவில்லை.

விசில்.

அவன் புல்லில் மல்லாந்து கிடந்தான். அவனுக்குக் கோல் போட்ட ஒஸ்லோக்காரனே வந்து தூக்கிவிட்டான். இருவரும் ஏதோ சொல்லித் தலையில் தட்டிக்கொண்டார்கள். பிறகு றொஜிதன் யூலியானாவிடம் வந்தான். முழங்கால் முழுக்கச் சேறு. கண் சிவந்திருந்தது. ஆனாலும் சிரிப்பு அடங்கவில்லை.

"மூண்டுக்கு ரெண்டு, அக்கா. போன வருசம் ஏழு. கடைசியில அவங்களுக்குக் கால் நடுங்கினது, பாத்தனியோ?"

"பாத்தனான்."

"கோப்பை கைக்குக் கிட்ட வந்திட்டுது. அடுத்த முறை—" அவன் மூச்சு வாங்கினான். "அப்பாவுக்கு எடுப்பம். இண்டையான் மேட்சை அவருக்கு நான்தான் சொல்லுவன், நீ சொல்லாதை."

"றொஜி, கோப்பையை எங்களுக்குத் தாறன் எண்டு ஆனந்தராஜா அங்கிள் ஹாஃப்டைமில சொன்னவர். நான் வேண்டாம் எண்டிட்டன்."

"தாறன் எண்டவரோ?" அவன் இன்னும் சிரித்துக்கொண்டே கேட்டான். "ஒண்டுக்கு ஒண்டில நிக்கேக்க ஏன் தருவார்?"

மைதானத்தின் நடுவில் ஒஸ்லோக்காரனைத் தோளில் தூக்கியிருந்தார்கள். மேசைக்குப் பக்கத்தில் ஆனந்தராஜா மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு இவர்கள் பக்கம் பார்த்தபடி நின்றார்.

யூலியானா தம்பியின் வலது கையை எடுத்தாள். கையுறையின் பட்டியைப் பிரித்து, சேறு பிடித்த விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றினாள். உள்ளே கை சூடாக இருந்தது.

"அப்பா காலமை செத்துப்போனார், றொஜி" என்றாள்.