சுண்டுவிரலும் பக்கத்து விரலும்

வாய்க்கால் பாலம் தாண்டியதுமே சுந்தர்ராஜுக்கு வலதுகைச் சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் மரத்துவிட்டன. நேற்றும் இதே இடம். முந்தாநாள் பாலத்துக்கு முன்னாலேயே. ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்து உதறினார். ஆடிக்காற்று சைக்கிளை வாழைத்தோப்புப் பக்கம் தள்ளவும், பதறிப்போய் மறுபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியில் இன்னும் கொஞ்சம் மரத்தது.

மார்க்கையன்கோட்டையிலிருந்து சின்னமனூருக்குத் தினமும் வந்து போகிற லேப் டெக்னீஷியன் அவர். இருபது வருஷமாக ஊசியும் குழாயும்தான் பிழைப்பு. சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருடைய ரத்தம் அவர் கைவழியாகப் போயிருக்கிறது. சர்க்கரை பார்க்கப் பயந்து நழுவுகிறவர்களை நிற்க வைத்துத் திட்டுவார். தன் ரத்தத்தை மட்டும் அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இப்படியும் ஒரு மனிதர்!

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரை முற்றி முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அதைச் சொல்லிச் சொல்லியே, வளையல் கடை வைத்திருக்கும் மனைவி ஜான்சி அவரைப் பரிசோதனைக்கு நச்சரித்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் நச்சரிப்புத் தாங்காமல், "பாத்துட்டேன் தாயி, எல்லாம் நார்மல்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்தார். சொன்னதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஜான்சி அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, தன் புருஷனுக்குச் சர்க்கரை இல்லை என்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிச் சாட்சி கொடுத்துவிட்டாள். கண்ணில் நீர் வழிய அவள் சொன்னதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டார் சுந்தர்ராஜ். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் கியர் சைக்கிள் வாங்கினார். தெரியாத நோய்க்குத் தெரியாமல் ஒரு வைத்தியம். இப்போது அந்த வைத்தியத்திலேயே விரல் செத்துப்போகிறது. சர்க்கரை நரம்பில் ஏறிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார். மூன்று வாரமாக ராத்தூக்கம் இல்லை. சாப்பிடும்போதும் விரலை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று காலை ரத்தம் எடுக்கப் போன முதல் வீடு சோணையம்மாளுடையது. மாதாமாதம் அவர் ரத்தம் எடுக்கிற கிழவியின் கைதான். ஊசி பிடிக்கிற அவர் கையைத் தாங்கி நிற்பவை அந்த இரண்டு விரல்கள். அவை எங்கே ஊன்றியிருக்கின்றன என்றே தெரியாததால் ஊசி நழுவியது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

"என்னய்யா, இன்னிக்கு உன் கையி ஒரு நெலையில இல்லையே" என்றாள் கிழவி. "நீ ஏதும் ஒடம்புக்குப் பாத்தியா?"

"காத்துல வந்தேன் ஆத்தா. வெறச்சுப்போச்சு."

மூன்றாவது தடவையில் ரத்தம் வந்தது. ஆனால் அவருக்கு மானம் போய்விட்டது. லேபுக்கு வந்ததும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்து இடதுகையில் கட்டி, தன் ரத்தத்தைத் தானே எடுத்தார். ஊதா மூடிக் குழாயில் 'பிச்சைமணி, 47' என்று பொய்ப்பெயர் எழுதி, மெஷின் பார்க்கிற அனுஷ்காவிடம் கொடுத்தார். "மூணு மாசச் சர்க்கரை பாரும்மா. தெரிஞ்ச ஆளு."

முடிவு வர நேரமாகும். ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இரண்டு முறை தண்ணீர் குடித்தார், மூன்று முறை வாசலுக்குப் போனார். பிரேக் கத்துகிறது என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு ராக்கப்பன் சைக்கிள் கடைக்குப் போனார்.

ராக்கப்பன் பிரேக்கைப் பார்க்கவில்லை. "என்ன சார், கைய ஒதறிக்கிட்டே வர்றீக?"

"மரத்துப்போகுது."

"எம்புட்டு நாளா?"

"மூணு வாரமா."

"சீட்டு மூக்க இப்பிடிக் கீழ எறக்குனது எப்ப?"

சுந்தர்ராஜ் கொஞ்சம் யோசித்தார். "உக்காந்தா வலிச்சுச்சு. அதான் நானே எறக்குனேன். அது... மூணு வாரம் இருக்கும்."

ராக்கப்பனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒடம்பு பூராம் முன்னால சரியுது சார். அம்புட்டுப் பாரத்தையும் ரெண்டு கையும் சொமக்குது. உள்ளங்கை ஓரமாப் போற நரம்பு நசுங்காம என்ன செய்யும்? இதுல முழங்கைய வேற கம்பு கணக்கா நீட்டிக்கிட்டு ஓட்டுறீக. கழுத்து வலிக்குமே?"

வலித்தது. தோள்பட்டையும் வலித்தது. அதையும் அவர் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்த்திருந்தார்.

ராக்கப்பன் சீட்டை மட்டமாக்கினான். ஹேண்டில்பாரை இரண்டு விரற்கடை ஏற்றினான். "இங்கன ஏறி உக்காருங்க. தோள எறக்குங்க. முழங்கைய லேசா மடக்குங்க. இறுக்கிப் புடிக்காதீக, சைக்கிள யாரும் புடுங்கிட்டுப் போகல. ஒரே எடத்துல புடிக்காம மாத்தி மாத்திப் புடிங்க. ஒடம்ப வயிறும் முதுகும் தாங்கட்டும்."

சுந்தர்ராஜ் பாலம் வரை ஒரே மிதியாகப் போனார். மரக்கவில்லை. பாலத்தைத் தாண்டினார். சுண்டுவிரலை ஆட்டினார், ஆடியது. ஹேண்டில் பிடியிலிருந்த சொரசொரப்புக்கூடத் தெரிந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. சர்க்கரை நரம்பைப் பிடித்தால் முதலில் பாதத்தில் அல்லவா காட்டும்? ஆயிரம் பேருக்கு அவரே சொன்ன பாடம். பயம் வந்தால் படித்ததெல்லாம் எங்கே போகிறதோ! அவருக்கு ஒன்றுமில்லை. வெறும் சைக்கிள் சீட்டுக் கோளாறு! ஜான்சி சபையில் சொன்ன சாட்சியும் அப்படியே நிற்கும்.

அடுத்த நொடியே குழாய் ஞாபகம் வந்தது. நன்றாக இருக்கிற ரத்தத்தை எதற்குச் சோதிக்க வேண்டும்? சைக்கிளைத் திருப்பினார். வந்த வேகத்தில் ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே ஓடினார்.

"அனுஷ்கா, அந்தப் பிச்சைமணி டியூபத் தூக்கிப் போட்டுரும்மா. அவரு வேணாம்னுட்டாரு."

"ஓட்டியாச்சேண்ணே." அவள் தாளை நீட்டினாள். "பத்து புள்ளி நாலு. ஆறரையத் தாண்டுனாலே சர்க்கரைன்னு நீங்கதான சொல்லுவீக? எப்பிடிண்ணே இந்த மனுசன் நடமாடுறாரு? மாத்திரை ஏதும் சாப்பிடுறாரா?"

"இல்ல."

"அப்ப இன்னிக்கே டாக்டரப் பாக்கணும்ல. அந்த ஆளு பயந்துக்கிட்டு ஓடுறாருண்ணே, அதான் வேணாங்குறாரு. அவுக வீட்டு நம்பர் குடுங்க, நான் பேசுறேன்."

ஆள் ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லலாம். நம்பர் மாறிவிட்டது என்று சொல்லலாம். இரண்டு பொய்யும் வாயில் தயாராக இருந்தன. தாளைப் பார்த்தார். அப்பா கட்டிலில் கிடந்து, இல்லாத காலைச் சொரியச் சொன்னது நினைவுக்கு வந்தது. சுந்தர்ராஜ் பத்து எண்களையும் மெதுவாகச் சொன்னார்.

அனுஷ்கா தன் செல்லில் ஒவ்வொன்றாக அழுத்தினாள். கடைசி எண்ணை அழுத்தியதும் திரையில் 'ஜான்சி அக்கா' என்று வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். மணி போய்க்கொண்டிருந்த செல்லை அவர் கையில் கொடுத்தாள்.

"சொல்லு அனுஷ்கா, அண்ணன் ஏதும் சாப்பிட்டாகளா?" வளையல் கடைச் சத்தத்துக்கு நடுவே ஜான்சியின் குரல்.

"நாந்தான் ஜான்சி. அன்னிக்கு நான் டெஸ்ட்டே எடுக்கல. நீ சபையில எந்திரிச்சு நின்னு சொன்னியே... அது நான் சொன்ன பொய்யி. இன்னிக்குத்தான் எடுத்தேன். சர்க்கரை இருக்கு. நெறைய இருக்கு."

அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் வளையல் அளவு கேட்டுக்கொண்டிருந்தாள். "செத்த வெளியில நில்லுங்கக்கா" என்று ஜான்சி அவளிடம் சொன்னது கேட்டது. பிறகு, நல்ல வியாபார நேரத்தில், கடை ஷட்டரை இழுத்து இறக்கும் சத்தம்.

"இப்பச் சொல்லுங்க" என்றாள்.