அழிச்சு

இசக்கியம்மாள் திருவனந்தபுரத்துக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தம்பானூரில் அனந்தலக்ஷ்மி வக்கீல் ஆபீசில் குமாஸ்தா வேலை. மலையாளம் என்ன பெரிய கம்பசூத்திரமா, மூக்கால் கொஞ்சம் இழுத்தால் தமிழ்தானே என்று கடையம் என்ற ஊரிலிருந்து வந்த அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்புதான் அவளைக் கவிழ்த்தது.

ஆபீசுக்கு எதிரே டீக்கடையில் தினமும் ஒருவன் வந்து உட்காருவான். நெற்றியில் நீளமாக ஒரு தழும்பு. பெயர் ராகேஷ். அவனிடம் அடி உதை தாங்காமல் ஓடிவந்த மனைவி ரேஷ்மிக்காகத்தான் வக்கீல் மேடம் வழக்கு நடத்துகிறார். ரேஷ்மி எங்கே ஒளிந்திருக்கிறாள் என்பது மேடத்துக்கும் இசக்கிக்கும் மட்டுமே தெரியும். கோர்ட்டுக்குக்கூட அந்த முகவரி அரக்கு வைத்த உறைக்குள்தான் போனது. கண்டுபிடித்தால் கொன்றுவிடுவேன் என்று அவன் சொன்னது மனுவில் இருக்கிறது. அதை டைப் அடித்தவளே இசக்கிதான். அவனைத் தாண்டும்போதெல்லாம் அவள் கண்ணை நிமிர்த்தாமல் எட்டி நடப்பாள்.

அந்த முகவரி இருந்தது ஆபீசின் பழைய கம்ப்யூட்டரில். புதிது வந்ததும், பழையதைப் பழவங்காடியில் பிஜியின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் கொடுத்துவிடச் சொன்னார் மேடம்.

"வெறுமனே டிலீட் பண்ணினாப் போறாது இசக்கி. மறுபடியும் தோண்டி எடுத்துடுவா. ஹார்ட் டிஸ்க்கை முழுக்க அழிக்கணும்னு கண்டிப்பாச் சொல்லு."

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் அப்படியே சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் பிஜி போனில் கூப்பிட்டான். "சேச்சி, ஹார்ட் டிஸ்க் அழிச்சு. இனி பேடிக்கண்டா."

பயப்படாதே என்கிறான் என்பது நன்றாகவே புரிந்தது. "அழிச்சாச்சு மேடம்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தாள்.

வியாழக்கிழமை மதியம் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனாள். வாசலில் பூ விற்கும் அம்மிணி அவள் காலைக் காட்டி, "மோளே, செருப்பு அழிச்சு வெச்சிட்டுப் போ" என்றாள்.

இசக்கிக்குச் சிரிப்பு வந்தது. புதுச் செருப்பை எதற்கு அழிப்பானேன்? பக்கத்தில் ஒருவர் குனிந்து தன் செருப்பின் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த ஊரில் அழிச்சு என்றால் கழற்றி. பிஜி டிஸ்க்கைக் கழற்றத்தான் கழற்றியிருக்கிறான்.

தேங்காயை அம்மிணியின் கூடையிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

"இதா சேச்சி, பத்திரமா அழிச்சு வெச்சிட்டுண்டு" என்று பிஜி டிராயரைத் திறந்து டிஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தான். முகத்தில் பெருமை வேறு. "காலையில உங்க ஆபீசிலேர்ந்து ஒரு சார் வந்து இதைக் கேட்டு. சேச்சிகிட்ட கேக்காம தரில்லான்னு ஞான் பறஞ்ஞு. உச்சைக்கு வராம்னு போயி."

ஆபீசில் மேடத்தையும் அவளையும் விட்டால் மூன்றாவது ஆள் கிடையாது.

"நெத்தில தழும்பு இருந்துச்சா?"

"அதே."

ஆட்டோவில் கம்ப்யூட்டர் ஏறியதை அவன் டீக்கடையிலிருந்தே பார்த்திருக்கிறான். பின்னாலேயே வந்திருக்கிறான்.

"அவன் இதைத் தொட்டானா?"

"இல்லா. ஞான் காட்டவே இல்லா."

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இப்பமே உடைங்க. என் கண்ணு முன்னால."

அவள் முகத்தைப் பார்த்ததும் பிஜி எழுந்தான். டிரில்லிங் மெஷினை எடுத்து டிஸ்க்கில் நான்கு ஓட்டை போட்டான். உள்ளே தகடு கிறீச்சிட்டுக் கிழிந்தது.

போன உயிர் திரும்பி வந்தது. அவன் மதியம் வருவதாகச் சொல்லியிருக்கிறான்; மதியம் ஆகிவிட்டது. ரேஷ்மியிடம் இதைச் சொல்லாமல் எப்படி இருப்பது? கடை வாசலில், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு போன் போட்டாள். ரேஷ்மி ஒரு கடையில் ஒளிந்து வேலை பார்க்கும் மலையடிவாரத்தில் சிக்னல் எப்போதும் அரைகுறை. இங்கே பஸ் ஹாரன் காதைப் பிளந்தது.

"ரேஷ்மி, அவன் தேடுதான். நீ அங்க இருக்காண்டாம்."

"எந்தா சேச்சி? கேக்கலை."

"கொஞ்ச நாளைக்கு அங்க இருக்காதங்கேன்!"

"எங்க? ஒண்ணும் கேக்கலை சேச்சி."

"கல்லாறுலம்மா! கல்லாறு! பாலத்துக்கிட்ட அந்தக் கடைல நிக்காத!" என்று கத்தினாள்.

முதுகுக்குப் பின்னால் பிஜி யாரிடமோ சொல்வது கேட்டது. "சாரி சாரே, அந்த டிஸ்க் ஒடச்சு போயி."

"சாரமில்லை" என்றது, பரவாயில்லை என்பதுபோல், ஓர் ஆண்குரல். "இனி அது வேண்டா."

திரும்பினாள். ராகேஷ் அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, அவசரமே இல்லாமல் பைக்கை நோக்கி நடந்தான்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாயால் கெட்டது இன்னொருத்தி. கல்லாறுக்கு ஒன்றரை மணி நேரம்தான்.

"சேச்சி, இப்ப நல்லாக் கேட்டு" என்றாள் போனில் ரேஷ்மி. "கல்லாறுன்னுதானே பறஞ்ஞது? கல்லாறுல எந்தா?"