பதினொரு நாளும் ஒரு சிவப்புச் சீட்டும்

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. முதுகலைக்கு நான் போட்ட விண்ணப்பத்தில் எல்லாம் சரியாம். இளங்கலை மதிப்பெண்தான் கொஞ்சம் இடிக்கிறதாம். அதனால் ஜி.ஆர்.இ. தேர்வு எழுதி, கணக்கில் நூற்று எழுபதுக்கு நூற்று அறுபதாவது காட்ட வேண்டுமாம். நான்கு மாதம் தூங்கிவிட்டு இப்போதுதான் இவர்களுக்கு விடிந்திருக்கிறது. வீட்டிலிருந்தே எழுதக் கிடைத்த ஒரே வாய்ப்பு பதினோராம் நாள், சனிக்கிழமை. தேர்வு முடிந்ததும் திரையில் காட்டும் மதிப்பெண்ணை அனுப்பக் கடைசி நாள் அதற்கடுத்த திங்கள்.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வழியில்லை. உபகாரச் சம்பளத்துக்கு வயது வரம்பு முப்பது. எனக்கு நவம்பரில் முப்பத்தொன்று.

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், சினாய் ஊரில் ஒரு தொழிற்சாலையில் எட்டு வருடமாகத் தரப் பரிசோதனை என் வேலை. கார் விளக்குகளுக்கான பிளாஸ்டிக் மூடிகள். ஒரு பெட்டியில் சந்தேகம் வந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டி நிறுத்திவிடுவேன். என் கையெழுத்தில் போன பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைப்பானேன்?

அந்தத் திமிர்தான் கழுத்தை அறுத்தது. கூலாயில் எங்கள் வீட்டில் முதல் மாதிரித் தேர்வு எழுதியபோது, நான் போட்ட விடையெல்லாம் சரி. ஆனால் ஏழு கேள்விகளைத் தொடவே இல்லை.

"ஒரு கணக்க எத்தன தடவ லா செக் பண்ணுவ?" என்றார் ரூபேந்திரன். என் கணவர். சிங்கப்பூரில் வேலை. எல்லைப் பாலத்து நெரிசலில் நொந்து வீடு திரும்பி, கைப்பேசியில் நேரம் பிடித்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருப்பார்.

"சந்தேகமா இருக்குங்க."

"இருந்தா இருக்கட்டும். விட்டுட்டு அடுத்ததுக்குப் போ. இது ஃபேக்டரி இல்ல."

தொழிற்சாலைப் பேருந்தில் கணக்கு, சாப்பாட்டு நேரத்தில் கணக்கு, குளிக்கும்போதும் கணக்கு. ஆறாம் நாள் நூற்று ஐம்பத்து நான்கு. ஒன்பதாம் நாள் நூற்று ஐம்பத்தேழு. பத்தாம் நாள் இறங்கி நூற்று ஐம்பத்தைந்து. புத்தகத்தைச் சுவரில் விட்டெறிந்தேன். ரூபேந்திரன் எழுந்து போய் எடுத்து வைத்தார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை பத்து மணி. அறையில் நான் மட்டும்தான் இருக்க வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும், இன்னொரு குரல் கேட்கக் கூடாது. கண்காணிப்பவர் எங்கிருந்தோ கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார். எதிர்வீட்டுக் காளியப்பன் அண்ணனின் உறுமி மேளக் குழுவுக்கு அன்றுதான் ஒத்திகை. ரூபேந்திரன் போய்ப் பேசி, குழுவையே திடலுக்கு அனுப்பிவிட்டு, கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கட்டுரை முடிந்தது, மொழிப்பகுதி முடிந்தது, கணக்கின் முதல் பகுதியில் பன்னிரண்டு கேள்விகளும் ஒருவழியாக முடிந்தன. கடைசிப் பகுதியில் பதினைந்து கேள்விகள், இருபத்தாறு நிமிடம். பதினோராவது கேள்வி ஒரு வட்டம், அதற்குள் ஒரு முக்கோணம். விடை வந்துவிட்டது. விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். சரிபார்த்தேன். மறுபடியும் சரிபார்த்தேன். தலை நிமிர்ந்தபோது மீதி ஒரே நிமிடம், தொடாத கேள்விகள் நான்கு.

நான்கையும் படிக்காமலேயே அமுக்கினேன். எட்டு வருடத்தில் பார்க்காமல் நான் ஒப்புக்கொண்டவை அவைதான்.

திரை மாறியது. மதிப்பெண்ணைப் பதிவு செய்யவா, ரத்து செய்யவா? பதிவு செய்தால்தான் எவ்வளவு என்று காட்டும்.

நான் யோசிக்கவே இல்லை. சந்தேகப் பெட்டி வெளியே போகக் கூடாது. கை தானாக 'ரத்து' என்பதை அமுக்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது.

உறுதிதானா என்று திரை இன்னொரு தடவை கேட்டது.

இரண்டாம் முறை பார்ப்பது என் பிறவிக் குணம். பார்த்தேன். இதை அமுக்கினால் திங்கட்கிழமை அனுப்ப என்னிடம் எதுவும் இருக்காது. நவம்பரில் முப்பத்தொன்று. பிறகு அதே பேருந்து, அதே மூடிகள்.

அப்போதுதான் அது உறைத்தது. நான் தினமும் கையெழுத்துப் போடும் பெட்டிகளில் குறையே இல்லையா? இருநூறு மூடி எடுத்துப் பார்ப்போம். ஐந்து வரை பழுதிருந்தால் போகலாம், ஆறானால் நிறுத்து. அதுதான் விதி. பழுதே இல்லாத பெட்டி என்று ஒன்றை நான் கேட்டதே இல்லை. இருநூற்றில் ஐந்து வேறு, இருபத்தேழில் நான்கு வேறு என்று மூளை முணுமுணுத்தது. வாயை மூடு என்றேன், மனதுக்குள்தான்.

முந்தைய திரைக்குத் திரும்பிப் போனேன். 'பதிவு' என்பதை அமுக்கினேன். திரை சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

கணக்கு: நூற்று அறுபது.

கேட்டுக்கு ஓடினேன். ரூபேந்திரன் என் முகத்தைப் பார்த்துப் பயந்து எழுந்தார். "என்னாச்சு லோஷி?"

"நூத்தி அறுபதுங்க. சரியா நூத்தி அறுபது."

"அலமாக்! அம்மாடி!" என்று நாற்காலியிலேயே மறுபடி விழுந்தார்.

இதோடு சிங்கப்பூரில் செமஸ்டர் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. பார்க்காமல் அமுக்கிய அந்த நான்கில் எது சரியாக விழுந்து என்னைக் காப்பாற்றியது, அல்லது எதுவுமே விழவில்லையா என்று இன்னமும் மனம் கேட்கிறது. சரிபார்க்க வழியே இல்லை.