கீழ்த் தாழ்ப்பாள்

நாய் படாத பாடு என்று சொல்கிறார்களே, அப்படிச் சொன்னவர்கள் நாய்களை வைத்துப் போட்டி நடத்திப் பார்த்ததில்லை. நாய்கள் சுகமாகத்தான் இருக்கின்றன. பாடெல்லாம் நடத்துகிறவர்களுக்கு. நாற்பது நாய்கள் வந்தால் நாற்பது பேருக்கும் அவரவர் நாய்தான் உலகத்திலேயே புத்திசாலி. தாண்டுகம்பி அரை அங்குலம் உயர்ந்துவிட்டால் நாய் ஒன்றும் சொல்லாது; கூட்டிவந்தவர்தான் நடுவரின் சட்டையைப் பிடிக்கப் போவார்.

இந்தத் தடை ஓட்டப் போட்டியை ஏழு வருடமாக இழுத்துப் பிடித்து நடத்துகிறவளைச் சங்கத்தில் எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய நாத்தனார்தான் முதலில் சங்கத்தில் சேர்ந்தவள். அவள் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. அறுபத்தெட்டு வயது நடுவர்கூட, “அண்ணி, என் விசிலைப் பாத்தீங்களா?” என்பார். கழுத்தில்தான் தொங்கும்.

மைதானம் பிடிப்பது, நாய்கள் நுழைந்து ஓடும் துணிக் குழாயான டன்னல் உருளாமல் இருக்க மணல் மூட்டை கட்டுவது, நாய்களை உயரம் அளந்து பிரிப்பது, எதற்குப் பின் எது ஓடும் என்று வரிசை போடுவது, எல்லாம் அவள் பொறுப்பு. களத்தைச் சுற்றி இடுப்பளவு வேலி. நாய்கள் வந்துபோக ஒரு வாசல். சாலைப் பக்கம் இன்னொரு கதவு, சாமான் ஏற்றி இறக்க. ஓட்டம் நடக்கும்போது சாலைப் பக்கக் கதவை எவரும் தொடக் கூடாது என்று விதி எழுதியவளே அவள்தான்.

அந்தத் தகரக் கதவுக்கு மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு தாழ்ப்பாள். கொக்கியை மட்டும் மாட்டினால் கதவின் அடிப்பக்கம் ஒரு சாண் விலகிக் கொடுக்கும். போன வருடம் நாத்தனாரின் நாய் குருவி டன்னலுக்குள் புகுந்து மறுபக்கம் சீறிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரே ஒரு கம்பிதான் பாக்கி. அது கம்பியைப் பார்க்கவில்லை, நேரே கதவடிக்குப் போனது. அந்தச் சின்ன உடம்புக்கு ஒரு சாண் தாராளம். வெளியே சாலையில் ஒரு சாமான் வண்டி வந்துகொண்டிருந்தது. நாத்தனார் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கதவருகே காவல் நின்றவர் அண்ணியின் கணவர், நாத்தனாரின் கூடப் பிறந்த அண்ணன். கீழ்த் தாழ்ப்பாளைப் போடாமல் விட்டது அவர்தான் என்று ஊரே சொன்னது. அவரும் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். ஆனால் திறந்தது அண்ணி. இதை இப்போதே போட்டு உடைத்துவிடுகிறேன். ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்துக்காட்ட இது கண்கட்டு வித்தை இல்லை. அவர் இரண்டையும் ஒழுங்காகப் போட்டிருந்தார். யாரோ இரண்டு பேரின் நாய்வார்கள் பின்னிக்கொண்டன என்று பிரித்துவிட நாலடி தள்ளிப் போனார். அந்த நேரம் பார்த்து, கை நிறைய மதிப்பெண் தாள்களோடு வந்த அண்ணி, சுற்றிக்கொண்டு போகச் சோம்பல்பட்டு, கீழ்த் தாழ்ப்பாளைச் செருப்பு நுனியால் தள்ளித் திறந்து, அந்தக் கதவு வழியாக உள்ளே நுழைந்தாள். மேல் கொக்கியை விரலால் மாட்டினாள். கீழ்த் தாழ்ப்பாளைத் திரும்பப் போடக் குனிந்தால் தாள்கள் சரிந்துவிடும். அவர் வந்து போட்டுக்கொள்வார் என்று போய்விட்டாள். யாரும் பார்க்கவில்லை.

அவர் மின்தூக்கி மெக்கானிக். இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் உயிரைக் கம்பியில் கட்டித் தூக்கியவர், ஒரு திருகாணி தளர்ந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட மனுஷன் இந்த ஒரு வருடத்தில் உருக்குலைந்து போனார். சாப்பாட்டின் நடுவே எழுந்து போய்க் குழாய் மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். பாதி வழி போனவர் வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவார். ஒரே மின்தூக்கிக்கு முழு நாளும் எடுத்துக்கொள்கிறார் என்று வேலை செய்யும் இடத்தில் அவரை உதிரிப்பாகக் கிடங்கில் உட்கார வைத்துவிட்டார்கள்.

தினமும் ஒரு தடவையாவது கேட்பார்:

“நான் அன்னிக்குக் கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டேனா? போட்ட மாதிரியும் இருக்கு, போடாத மாதிரியும் இருக்கு. நீ பாத்தியா?”

“விடுங்க. போனது போச்சு,” என்பாள் அண்ணி.

முதல் நாள் அதிர்ச்சியில் அப்படிச் சொன்னாள். இரண்டாம் நாள் பயத்தில். அதற்குப் பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி உண்மையைவிடப் பெரிதாகி வழியை மறித்து உட்கார்ந்துகொண்டது. சொல்லிவிட்டால் இந்த மனுஷன் பிழைத்துவிடுவார், அது அவளுக்குத் தெரியும். ஆனால் அதன் பிறகு அவர் முகத்தில் எப்படி விழிப்பது? கோழைத்தனம்தான். வேறு என்ன பெயர் வைக்க?

அவளுக்கும் நிம்மதி இல்லை. அவர் வேலைக்குப் போன பிறகு, முற்பகல் பதினொரு மணி வாக்கில், பின்கதவின் அடியில் பிறாண்டும் சத்தம் கேட்கும். நாத்தனார் வெளியூர் போகும்போதெல்லாம் குருவி இங்கேதான் தங்கும். பசித்தால் அப்படித்தான் பிறாண்டும், மூன்று தடவை, பிறகு கொஞ்சம் பொறுத்து ஒரு தடவை. அண்ணி கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப் போய்த் திறப்பாள். வெளியே வெயில் மட்டும் இருக்கும். எலியாக இருக்கும் என்று பொறி வைத்தாள். பொறியில் எதுவும் விழவில்லை; சத்தமும் நிற்கவில்லை. சில நாட்களில் திறக்காமலே கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, “போயிடு தாயி, என்ன விட்டுடு,” என்று அழுவாள்.

இந்த வருடப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது விண்ணப்பங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இருபத்தேழாவது உறையில் நாத்தனாரின் கையெழுத்து. நாயின் பெயர்: குருவி. உயரம்: முப்பத்தெட்டு சென்டிமீட்டர். வயது: ஆறு. போன வருடம் ஐந்து என்று எழுதியிருந்தாள். செத்துப்போன நாய்க்கு ஒரு வயது கூடியிருந்தது.

போனைப் போட்டாள்.

“என்னம்மா இது?”

“ஏன் அண்ணி, நாய் உசுரோட இருக்கணும்னு விதியில எழுதியிருக்கீங்களா? நான் ரெண்டு தடவை படிச்சுப் பாத்துட்டேன், இல்ல.”

“விளையாடாதம்மா.”

“விளையாடல. அன்னிக்கு அது ஓட்டத்த முடிக்கல. பாதியில நிக்குது. என் கனவுல தினமும் டன்னல் வாயில வந்து நின்னு என் மூஞ்சியப் பாக்குது. நான் அதுகூட ஓடி முடிச்சுடறேன். கடைசியில ஒரு நிமிஷம் குடுங்க, போதும். ஆனா கதவுகிட்ட உங்க வீட்டுக்காரர் நிக்கக் கூடாது.”

அண்ணனை ‘உங்க வீட்டுக்காரர்’ ஆக்கி ஒரு வருடம் ஆகிறது. அவளே அண்ணியைத் தேற்றவும் செய்தாள். “உங்களச் சொல்லி என்ன ஆகப்போகுது? அந்தாளோட குடித்தனம் பண்றீங்களே, அதுவே பெருசு.”

அந்த இரக்கம் செருப்படி மாதிரி விழுந்தது. அண்ணி போனை வைத்துவிட்டாள்.

நடுவரிடம் கேட்டாள். அவர் விசிலை விரலால் உருட்டினார். “பரிசெல்லாம் முடிவானப்புறம் ஓடட்டும். கணக்குல சேராது. அந்தப் புள்ளைக்கு மனசு ஆறுதுன்னா நமக்கென்ன நஷ்டம்?” என்றார். கணவரோ ஒற்றைக்காலில் நின்றார்.

“கதவுகிட்ட நான்தான் நிப்பேன். இந்தத் தடவை நான் தாழ்ப்பாள் போடறத எல்லாரும் பாக்கட்டும்.”

“அவ வேணாங்கறா.”

“அவ என்ன வேணாம்னு சொல்லட்டும். கதவ விட்டுட்டு நான் எங்க போவேன்? சொல்லேன், நான் அன்னிக்குப் போட்டேனா இல்லையா?”

சொல்லிவிடலாம் என்று அண்ணி வாயைத் திறந்தாள். சத்தியமாகத் திறந்தாள். பின்கதவில் மூன்று தடவை பிறாண்டியது. அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

“விடுங்க,” என்றாள்.

போட்டி நாள் வந்தது. விடிந்ததும் வேலி கட்டி, கம்பிகளை உயரம் வைத்து, டன்னலுக்கு இரண்டு பங்கு மணல் மூட்டை போட்டாள். எல்லாம் கடிகாரம் மாதிரி நடந்தது. ஒரு குண்டு நாய் சீசாப் பலகையின் நடுவில் உட்கார்ந்து இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்ததில் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கணவர் மட்டும் சாலைப் பக்கக் கதவருகே குனிவதும் நிமிர்வதுமாக இருந்தார். தாழ்ப்பாளைத் தொடுவார், நிமிர்வார், மறுபடி குனிவார். சிலர் முழங்கையால் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அண்ணி பார்க்காத மாதிரி மதிப்பெண் எழுதினாள்.

நாலு மணிக்கு நாத்தனார் களத்துக்குள் வந்தாள். கையில் வார் இல்லை, கழுத்துப்பட்டை இல்லை. தொடக்கக் கோட்டில் குனிந்து, இல்லாத ஒன்றின் கழுத்தைத் தடவி, இல்லாத வாரைக் கழற்றி ஓரமாகப் போட்டாள். கூட்டத்தில் ஒருவர் களுக்கென்று சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

“தாண்டு!” என்றாள்.

ஓடினாள். கையை நீட்டி, தோளைத் திருப்பி, கம்பிக்குக் கம்பி குரல் கொடுத்து ஓடினாள். அப்போதுதான் அண்ணி நாய்களைக் கவனித்தாள். காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த நாற்பதும் வாயை மூடியிருந்தன. தலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. அவை நாத்தனாரைப் பார்க்கவில்லை. அவளுக்கு நாலு முழம் முன்னால், தரையோடு தரையாக எதையோ பார்த்தன. முதல் கம்பி, இரண்டாவது கம்பி, ஏற்றப் பலகையின் உச்சி, இறக்கம். பலகைக்கு நேரே அந்தத் தலைகளும் உயர்ந்து தாழ்ந்தன.

“உள்ள போ!”

டன்னல் வாயில் எல்லாத் தலைகளும் நின்றன. நாத்தனார் மறுபக்கம் ஓடிக் கையைத் தட்டினாள். “வா செல்லம், வா, இன்னும் ஒண்ணுதான், வா!”

நாற்பது தலைகளும் டன்னலை விட்டு விலகி, நேரே, சாலைப் பக்கக் கதவை நோக்கித் திரும்பின.

கணவர் அதைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே மண்ணில் விழுந்தார். இரண்டு கையாலும் கீழ்த் தாழ்ப்பாளைப் பிடித்து, மார்பைத் தகரத்தில் அழுத்தி, “போட்டுட்டேன், போட்டுட்டேன், இந்தத் தடவை போட்டுட்டேன்,” என்று வாய்விட்டு அழுதார். ஐம்பத்தொரு வயது மனுஷன், குழந்தை மாதிரி. நாத்தனார் ஓட்டத்தை மறந்து நின்றுவிட்டாள்.

அண்ணி எப்போது எழுந்தாள், எப்படி வேலியைத் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் பக்கத்தில் மண்டியிட்டாள்.

“நீங்க போன வருஷமும் போட்டீங்க. ரெண்டையும் போட்டீங்க. நான்தான் தொறந்து உள்ள வந்தேன். குனிய முடியலன்னு கீழ விட்டுட்டேன். நான்தாங்க. எல்லாம் நான்தான்.”

நாத்தனார் காதிலும் விழுந்தது. அவள் நெருங்கி வந்தாள்; அண்ணியைப் பார்க்கக்கூட இல்லை. அண்ணன் தலையில் கையை வைத்தாள். ஒரு வருடம் கழித்து, “அண்ணா,” என்றாள்.

அவர் அழுகை நின்றது. “அப்ப நான் போட்டிருக்கேன்,” என்றார் மெதுவாக. “நான் போட்டிருக்கேன்!” கைகள் தாழ்ப்பாளை விட்டன. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் தோள் இறங்கி, முகம் தெளிந்தது. அண்ணிக்கு உயிர் வந்தது. அவர் கையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் அவர் கண் அவள் பக்கம் திரும்பி, அங்கேயே நின்றது. கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

“கதவுல கை தவறுனது சரி,” என்றார். “அது யாருக்கும் நடக்கும். குருவி போனதுக்கு உன்ன ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். ஆனா நான் பைத்தியமாகுறத பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தியே. ஒரு வருஷம் பூரா தவறுமா கை?”

அவர் தங்கையின் தோளைப் பிடித்து எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, அவளோடு வாசல் பக்கம் நடந்தார். இருபது வருடமாகக் கூப்பிட்டுப் பழகிய “ஏங்க” அண்ணியின் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.