ஆணி இல்லாத கட்டில்

என் கல்யாணக் கட்டில் வந்து இறங்கிய பிறகுதான் என் அறைக்குச் சுவரே எழும்பியது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். மூன்று வருஷம் அதற்குள் கிடந்தவளுக்குச் சிரிப்பு வராது.

கடலூர் முதுநகரில் என் மாமியார் வீடு, ஒரு கூடம், அதற்குப் பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் கொல்லை என்று நீளவாக்கில் போகும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுக்காரர்களின் சுவர். கல்யாணம் நிச்சயமானதும் கூடத்தின் ஒரு மூலையைத் தடுத்து மாப்பிள்ளைக்கு ரூம் கட்டுவது என்று பேசி முடித்தார்கள். ஆடியில் சீர் இறக்கக் கூடாது என்று என் அம்மா செல்லாயி ஆனி மாதக் கடைசியிலேயே கட்டில், பீரோ, கண்ணாடி மேஜை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டாள். அவை அந்த மூலையில் இறங்கி ஒரு மாதம் காத்திருந்தன. ஆவணி பிறந்ததும் கொத்தனார் வந்து கட்டிலைச் சுற்றிச் செங்கல்லை அடுக்கினார், ஒடுக்கமாக ஒரு கதவு வைத்தார், வெள்ளையடித்துவிட்டுப் போனார். கட்டில் இனி எப்படி வெளியே வரும் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. கல்யாணக் கட்டில் எதற்கு வெளியே வரப்போகிறது?

சாதாரணக் கட்டில் என்றால் போல்ட்டைக் கழற்றினால் நாலு துண்டாகும். என்னுடையது அப்படிப்பட்டது இல்லை. திருவதிகையில் எங்கள் தோட்டத்துப் பலா மரத்தை அறுத்துச் செய்தது. அக்காவுக்கு முதலில் போல்ட் கட்டில்தான் கொடுத்தார்கள். அது புரண்டு படுத்தாலே முனகுமாம். மறுவீட்டுக்கு வந்த அக்கா, காலையில் மாமியார் முகத்தைப் பார்க்க முடியவில்லை, கொழுந்தன் கேலி பேசுகிறான் என்று அழுதாள். அம்மாவுக்கு மானம் போய்விட்டது. என் முறை வந்தபோது ஆசாரி ஆண்டியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"போல்ட்டும் வேணாம், ஆணியும் வேணாம். எம் பொண்ணு கட்டில்லேருந்து ஒரு சத்தம் வெளிய வரக்கூடாது, ஆமா" என்றாள்.

ஆண்டி துளை போட்டு, மர முளை அடித்து, பசை விட்டு இறுக்கினார். குடும்பமே ஏறிக் குதித்தாலும் சத்தம் வராது. கழற்றவும் வராது.

எட்டடிக்கு ஏழரை அடி அறை. ஆறரைக்கு ஆறடி கட்டில். மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கதவு உள்பக்கம் திறந்தால் கட்டிலில் இடிக்கும் என்று வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்திருந்தார்கள். பீரோவைத் திறக்க வேண்டுமானால் கட்டில்மேல் ஏறி, காலை மடக்கி உட்கார்ந்துகொள்ள வேண்டும். கண்ணாடி மேஜைக்கு இடமே இல்லை. கண்ணாடியை மட்டும் பெயர்த்துச் சுவரில் மாட்டினோம், மேஜை கொல்லையில் தண்ணீர்க் குடம் வைக்கப் போனது. உள்ளே நிற்பது என்று ஒன்று கிடையாது. ஒன்று படுக்கலாம், இல்லாவிட்டால் உட்காரலாம்.

அழகுபடுத்தலாம் என்று நானும் எவ்வளவோ பார்த்தேன். ரோஸ் கலர் பெயின்ட் அடித்தேன், அறை இன்னும் கிட்டத்தில் வந்தது. இருட்டில் மின்னும் நட்சத்திர ஸ்டிக்கர் வாங்கி மேலே ஒட்டினேன். ஜன்னல் இல்லாத சுவரில் கம்பி அடித்து, பூப்போட்ட திரை ஒன்றைத் தொங்கவிட்டேன். வந்தவர்கள் காற்று வரட்டும் என்று திரையைத் தள்ளுவார்கள், பின்னால் சுவர் இருக்கும். என் மாமியார் இருசம்மாள் அதை அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பொல்லாதவர் இல்லை, எனக்கு மீன் துண்டு பெரிதாக வைப்பவர்தான். அதனாலேயே அவரிடம் சண்டை போடவும் முடியவில்லை.

கூடத்தில் மாமனார் பூவராகன் காலையிலிருந்து டிவி பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். செம்மங்குப்பத்துக் கம்பெனி ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எதிரில் மருமகள் உட்காரக் கூடாது. சமையல் முடிந்தால் எனக்குப் போக்கிடம் அந்தக் கட்டில்தான். என் வீட்டுக்காரர் சிவசங்கருக்குச் சிதம்பரம் மேலவீதியில் செல்போன் கடையில் வேலை. விடிந்ததும் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். படுக்க மட்டும் வருகிறவருக்கு அந்த அறை போதும். பகல் முழுவதும் இருந்தவள் நான்.

சிதம்பரத்துக்கே குடி போய்விடலாம் என்று முதல் வருஷமே கேட்டேன். "போலாம் திலகா, எனக்கு மட்டும் ஆசை இல்லியா? கட்டில என்னா பண்றது?" என்றார். அதைத்தான் எல்லாரும் கேட்டார்கள். சுவரை இடிக்கலாம் என்றால் மாமனார், "செவுத்த இடிச்சா குடும்பம் ஒடஞ்சி போச்சுன்னு தெருவே பேசும்" என்றார். கட்டிலை அறுக்கலாம் என்றால் மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். கல்யாணக் கட்டிலில் ரம்பம் வைக்கிற பேச்சை அந்த வீட்டில் எடுக்கக் கூடாதாம். விட்டுவிட்டுப் போகலாம் என்றால் என் அம்மாவே போனில் அழுதாள்.

"சீர வச்சிட்டு பொண்ணு மட்டும் வெளிய வந்தா, தொரத்தி வுட்டுட்டாங்கன்னுதாண்டி பேசுவாங்க. எம் பொண்ணுக்கு அந்தப் பேரு வேணாம்."

எல்லாரும் என் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். மூச்சு முட்டியது எனக்கு மட்டும்.

2012 சித்திரையில் அம்மா என்னைப் பார்க்க வந்தாள். கத்திரி வெயில் கொளுத்தியது. அந்த வருஷம் கரண்டு இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம்தான் ஜாஸ்தி. சாப்பிட்டுவிட்டு, "செத்த படுக்கறேன்" என்று என் அறைக்குள் போனாள். சம்பந்தி வீட்டுக் கூடத்தில் ஆம்பளைகள் இருக்கும்போது அவளும் வேறு எங்கே படுப்பாள்? நானும் பக்கத்தில் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் மின்விசிறி நின்றது. மாமனாரின் நண்பர்கள் யாரோ வந்து கூடத்தில் பேச உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைத் தாண்டி எழுந்து போக அம்மாவுக்குக் கூச்சம். புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். திரையைத் தள்ளிப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தெனமும் இப்டித்தானா?"

"தெனமும்தாம்மா."

கரண்டு வந்து, கூடத்தில் இருந்தவர்களும் எழுந்து போன பிறகு, முதுகெல்லாம் நனைந்து வெளியே வந்த அம்மா நேராக என் மாமியாரிடம் போனாள். "சம்பந்தி, நான் குடுத்த கட்டிலு. நானே சொல்றேன். அறுத்துடுங்க" என்றாள். கொடுத்தவளே சொன்ன பிறகு மாமியாரால் மறுக்க முடியவில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

அடுத்த வாரமே சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் பக்கம் வீடு பார்த்தோம். சின்ன வீடுதான். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் முருங்கை மரம். என் வீட்டுக்காரரும் கூட வந்து, தலையாட்டி, சரி என்றார்.

வைகாசியில் நல்ல நாளாகப் பார்த்து உள்ளூர் ஆசாரி தேவசகாயம் வந்தார். அம்மாவும் வந்திருந்தாள். சீர்ச் சாமானை ஏற்றிக்கொண்டு எங்களோடு புது வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. வாசலில் குட்டி யானை வண்டி வந்து நின்றது. பீரோவை முதலில் ஏற்றினார்கள். பிறகு ரம்பம் இறங்கியது. மாமியார் கொல்லைக்குப் போய்விட்டார், அம்மா போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டாள். நான் மட்டும் நின்று பார்த்தேன். அறுக்க அறுக்க உள்ளே மரம் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. பாவமாகவும் இருந்தது, போய்த் தொலையட்டும் என்றும் இருந்தது. பலகை பலகையாக எடுத்துப்போய் வண்டியில் அடுக்கினார்கள்.

அன்று லீவு போட்டிருந்த சிவசங்கர் அறைக்குள் போனார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அந்தத் தரையில் அவர் நடப்பது அதுதான் முதல் தடவை. இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் காலால் அளந்தார். பிறகு நடுவில் மல்லாந்து படுத்து, கையை இரண்டு பக்கமும் விரித்தார்.

"திலகா, இங்க வந்து பாரேன். இம்மாம் பெருசா இருந்திச்சா இது?"

கொல்லையிலிருந்து வந்த மாமியார் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. உடனே ஒரு பாயைக் கொண்டுவந்து விரித்தார். மாமனார்கூட எழுந்து வந்து, மேலே ஒரு ஓட்டை போட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்றார். இத்தனை வருஷம் அந்த ஃபேன் எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

"மடக்குக் கட்டில் ஒன்னு வாங்கி இந்தப் பக்கம் போட்டுக்கலாம். செவுத்துல ஷெல்ஃப் அடிக்கலாம். டிவிகூட வைக்கலாம்மா" என்று சிவசங்கர் படுத்தபடியே அடுக்கிக்கொண்டு போனார். அவர் அந்த அறையைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"புது வீட்டுக்காரம்மா சாவியோட காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றேன்.

"சொல்லிக்கலாம் வுடு. இப்பதான் எடம் இருக்கே. எங்கம்மா தனியா கெடந்து கஷ்டப்படும். டிரைவர்கிட்ட பீரோவ மட்டும் எறக்கச் சொல்லு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு, ஆசையாகச் சொன்னார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கட்டில்தான் எங்களைப் பிடித்துவைத்திருக்கிறது என்று நான் நம்பியிருந்தேன். பிடித்துவைத்தது அது இல்லை. இவர் கிளம்பவே நினைக்கவில்லை. கட்டில் இவருக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு. இப்போது கட்டில் போய்விட்டது, அறை நன்றாகிவிட்டது. இன்றைக்கு அந்தப் பாயில் போய் உட்கார்ந்தேனானால் நான் அங்கிருந்து எழுந்திருக்கப் போவதே இல்லை.

வாசலுக்கு வந்தேன். அதற்குள் மாமியார் எனக்கு முன்னால் போய் டிரைவரிடம் சொல்லிவிட்டிருந்தார். டிரைவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எறக்காதீங்கண்ணே. கட்டுங்க" என்றேன்.

டிரைவர் என்னையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த வீட்டில் நான் சத்தமாகப் பேசி மாமியார் கேட்டதில்லை. டிரைவர் கயிற்றைத் திரும்ப இறுக்கும்வரை அங்கேயே நின்றேன். பிறகு முன்னால் ஏறி அம்மாவை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"மாப்ள வரலியா?" என்றாள் அம்மா.

"அவுருக்கு ரூமு புடிச்சிப் போச்சும்மா. இருந்து பாத்துட்டு வரட்டும்."