நொண்டிச் சாக்கு

மாத்திரை கம்பெனியின் மேல்மாடியில், காலை ஷிஃப்டுக்கு முன்னால் எங்களுக்கு ஆங்கில வகுப்பு. அதை முடித்தவர்களைத்தான் சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிடுவார்கள். இன்னொரு தடவை தாமதமாக வந்தால் என் பெயரை எடுத்துவிடுவதாக அர்ச்சனா மேடம் சொல்லியிருந்தார். அன்றும் தாமதம்.

"வா ஜோஸ்பின். ஏழ்மை பத்தி ஒரு பழமொழி நடத்திட்டிருக்கேன். 'சர்ச் எலி மாதிரி ஏழை'ன்னு இங்கிலீஷ்ல சொல்வாங்க. அங்க எலிக்குத் தின்ன ஒண்ணும் இருக்காதில்ல? உனக்கு ஈஸியாப் புரியும்."

"எங்க மாதா கோயில் எலி மெழுகுவர்த்தி தின்னு கொழுத்துக் கெடக்குது மேடம்."

பக்கத்து நாற்காலி விஜயராணி வாயைப் பொத்திக்கொண்டாள். மேடம் சிரிக்கவில்லை.

"ஏன் லேட்?"

"கம்பெனி பஸ் எங்க தெருவுக்குள்ள வர்றதில்ல மேடம். மெயின் ரோட்டுக்கு நடந்து வர்றதுக்குள்ள எடுத்துட்டான். டவுன் பஸ் புடிச்சி வரேன்."

மேடம் பலகைப் பக்கம் திரும்பினார். "அடுத்தது, 'லேம் எக்ஸ்க்யூஸ்'. தமிழ்லயும் அப்படியேதான். நொண்டிச் சாக்கு. இப்ப ஜோஸ்பின் சொன்னாளே, அதான் எக்ஸாம்பிள்."

வகுப்பு சிரித்தது. யாரோ என் வளைந்த வலது காலைப் பார்த்திருக்க வேண்டும். சிரிப்பு பாதியில் அறுந்தது.

"இன்னாடி, உன்ன வச்சே பாடம் எடுக்குது?" என்றாள் விஜயராணி மெதுவாக.

நொண்டி என்ற சொல் எனக்குப் பழையது. பள்ளிக்கூடத்தில், பெண் பார்க்க வந்த இடத்தில், குழாயடிச் சண்டையில் கேட்டுக் கேட்டு மரத்துவிட்டது. சாக்கு என்றதுதான் உள்ளே போய்க் குத்தியது. நான் காலை இழுத்து நடக்கும் ரோடு பொய்யா? இந்தக் கால்தான் பொய்யா? வண்டிகளைக் கவனிக்கும் சுப்பராயலுவிடம் போன வாரமும் கேட்டேன். "உங்க காலனித் தெரு குறுகல்மா, பஸ் திரும்பாது" என்றார். அதே தெருவில் தண்ணீர் லாரி திரும்புகிறது. ஓட்டுக் கேட்டு வந்த வேன்களெல்லாம் திரும்பின. ஊருக்குள், அதைவிடக் குறுகலான தெருவில், இதே பஸ் தினமும் திரும்புகிறது. அவர் சொன்ன சாக்குக்கு எந்தப் பலகையிலும் பெயர் இல்லை.

"எங்க, அதை வச்சு ஒரு வாக்கியம் சொல்லு பாப்போம்," என்றார் மேடம்.

"தி பஸ் நாட் டர்ன் இன் அவர் ஸ்ட்ரீட் இஸ் எ லேம் எக்ஸ்க்யூஸ்."

விஜயராணி என் முழங்கையைக் கிள்ளினாள்.

"கிராமர் தப்பு," என்றார் அவர். "'தி பஸ் டஸ் நாட் டர்ன்'னு வரணும்."

"அது மொதல்ல திரும்பட்டும் மேடம். நான் சரியாச் சொல்றேன்."

அவர் முகம் சிவந்தது. "திமிரு. உன் பேர எடுத்துட்டேன். எழுந்து கீழ போ."

சூப்பர்வைசர் வேலை போய்விட்டது என்று தெரிந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

"எழுந்திருக்க எனக்கு நேரமாவும் மேடம். நீங்க அடுத்த பாடத்த நடத்துங்க."