அலமாரிகளுக்குப் பின்னால் ஒரு சைக்கிள்

"உனக்கு என்ன வேணும்? கூச்சப்படாம கேளு."

"ஒண்ணும் வேணாம்."

"ஒண்ணும் வேணாம்னு சொல்றவங்களுக்குத்தான் பெருசா என்னமோ வேணும். சொல்லு."

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்க மாட்டேன். என் உளி மேல சத்தியம்."

"எனக்கு... வந்து... ஒரு அலமாரி."

கல்யாணம் நிச்சயமான வாரத்தில், அவள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நின்று பேசிய பேச்சு இது. அவர் தச்சர். ஜன்னல் சட்டத்துக்கு அளவெடுக்க வந்தவர், அந்த வீட்டு மாப்பிள்ளையாகத் திரும்பிப் போனார். அவள் வாய் வரை வந்தது அலமாரியே அல்ல. சுவரில் சாய்ந்து நின்ற அவருடைய கறுப்பு சைக்கிளைப் பார்த்துக்கொண்டே, 'எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுப்பீங்களா?' என்று கேட்கத்தான் அவள் மூச்சை இழுத்தாள். அவள் தடுமாறி மிதிக்க வேண்டும், அவர் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வர வேண்டும், 'விட்டுடாதீங்க, விட்டுடாதீங்க' என்று அவள் கத்த வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து மேல்படியில் வளையல் சத்தம் கேட்டது. அத்தை!

அப்பாவின் அக்காவான அந்த அத்தைக்குத் தெருவில் 'வானொலி' என்று பெயர். காதில் விழுந்ததை ஒலிபரப்பாமல் அவருக்குத் தூக்கம் வராது. 'பொண்ணு, மாப்பிள்ளைய சைக்கிள் பின்னாடி ஓட விடப் போறாளாம்' என்ற செய்தி பொழுது சாய்வதற்குள் ஊரைச் சுற்றிவிடும். அவள் பதறிப்போய்க் கண்ணில் பட்டதைச் சொன்னாள். எதிரே ஒரு அலமாரி நின்றது. அவ்வளவுதான் விஷயம்.

அந்த மனிதரோ சொன்னதை அப்படியே நெஞ்சில் எழுதிக்கொண்டார். கல்யாணத்துக்கு ஒரு அலமாரி. அவள் உயரத்துக்கே கண்ணாடி பதித்து, கதவு திறந்தால் முனகாமல், ஓர் ஆணிகூட அடிக்காமல், மர ஆப்புகளாலேயே இறுக்கி. திறந்து காட்டும்போது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு, 'நான் கேட்க நினைச்சது வேற' என்று எந்தப் பெண்ணால் சொல்ல முடியும்?

முதலாம் ஆண்டு நிறைவுக்கு இன்னொரு அலமாரி. மகள் பிறந்ததற்கு ஒன்று. அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் பதவி உயர்ந்ததற்கு ஒன்று. ஊரில் உள்ள மூக்குகளுக்கெல்லாம் சட்டம் பொருத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், கூடத்தில் புதுப் பலகை வாசனை அடிக்கும். ஒருமுறை துணிந்து, "இந்த வருஷம் வேற ஏதாவது..." என்று ஆரம்பித்தாள்.

"வேற மாதிரிதானே? நானும் அதேதான் நெனச்சேன்! இழுத்துத் தள்ற கதவு!" என்று துள்ளிக் குதித்தார் தச்சர்.

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

அலமாரி வந்தால் சும்மா நிற்குமா? அதற்குத் தீனி போட வேண்டும். காலித் தட்டைப் பார்த்தால் மனசு கேட்காமல் ஏதாவது வாங்கினார்கள். வாங்கியது நிறைந்தால், "இடம் பத்தல பாத்தியா?" என்று அவர் அடுத்த அலமாரிக்குப் பலகை அறுத்தார். கூடம் நடைபாதையாயிற்று, நடைபாதை சந்தாயிற்று. விருந்தாளிகள் பக்கவாட்டில் நடந்து வந்தார்கள். சைக்கிள் ஏதோ ஒரு வருஷம் ஏதோ ஓர் அலமாரிக்குப் பின்னால் போனது. அதோடு அதை யாரும் பார்க்கவில்லை.

அவர்கள் இருந்தது வாடகை வீடு; இப்போது அதன் சொந்தக்காரர் அதை விற்றுவிட்டார். புது வீடு பார்க்கும் பொறுப்பை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் பிடித்தது இரண்டே அறை. ஆனால் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் ஏரிக்கரையை ஒட்டி நீளமாக ஒரு தார்ப் பாதை. கார் கிடையாது, லாரி கிடையாது. வாத்துகள் மட்டும் அவ்வப்போது குறுக்கே போயின.

"அலமாரியெல்லாம் எங்க வெக்கறது?" என்றார் தச்சர், அறை நடுவில் நின்று அளவு நாடாவைச் சரசரவென்று இழுத்தபடி.

"இந்தப் பாதையப் பாருங்களேன்" என்றாள் அவள்.

"பாதைல எப்படிம்மா அலமாரிய வெக்க முடியும்?"

வீடு மாறும் நாளன்று அவளுடைய தம்பி லாரியோடு வந்து இறங்கினான். அலமாரிகளை ஒரு பெண்கள் விடுதி கேட்டிருந்தது. புது வீட்டில் ஒரே ஒரு சுவர்தான் காலி என்பதால் ஒன்று மட்டும் இவர்களோடு வரும். மேற்பார்வைக்கு, கேட்காமலேயே, வானொலி அத்தையும் வந்து கூடத்து மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வயது ஏறியும் அவர் காது மட்டும் இறங்கவில்லை.

தம்பியும் தச்சரும் முதல் அலமாரியைத் தூக்கி வாசல்வரை கொண்டுபோனார்கள். அது போகவில்லை. சாய்த்தார்கள். போகவில்லை. குப்புறப் படுக்க வைத்துத் தள்ளினார்கள். பாதி போய், அடைத்துக்கொண்டு நின்றது. தச்சர் வெளியே, மற்ற எல்லோரும் உள்ளே.

"மாமா, இது எப்படி உள்ள வந்துச்சு?" என்று கேட்டான் தம்பி, அலமாரி வழியாக.

வெளியே இருமல் சத்தம் கேட்டது.

"உள்ள வரல" என்றது தச்சர் குரல். "உள்ளயே செஞ்சேன்."

"எல்லாத்தையுமா?"

"கடைல செஞ்சா யாராவது கண்ணு வெச்சு வாங்கிட்டுப் போயிடுவாங்கடா. இவளுக்குன்னு செய்யறத எப்படி விக்கறது?"

"ஊருல எல்லார் வீட்டு வாசலையும் அளந்தீங்களே மாமா, சொந்த வாசலை ஒரு நாளாவது அளந்தீங்களா?"

மகள் தரையில் விழுந்து சிரித்தாள். விழ இடம் இல்லாததால் பாதி அத்தை மேல் விழுந்தாள். "அப்பா, நீங்க வீட்டுக்குள்ள அலமாரி வெக்கல. அலமாரிய சுத்தி வீடு வெச்சிருக்கீங்க!"

தேநீர் ஜன்னல் வழியாக வெளியே போனது. குடித்த தெம்பில் தச்சர் அதே ஜன்னல் வழியாக உள்ளே ஏறினார். ஒரு கால் உள்ளே வந்து மறுகால் வர மறுக்க, மகளும் தம்பியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். பொத்தென்று வந்து விழுந்தார்.

"கழட்டிடலாமே மாமா. ஆப்புதானே?"

"கழட்டினா அது அலமாரி இல்லடா. பலகை."

"கழட்டலைன்னா அது அலமாரி இல்ல மாமா. கதவு. நாம உள்ளயே இருக்க வேண்டியதுதான்."

தச்சர் மரச் சுத்தியலைக் கையில் எடுத்தார். அலமாரியைத் தடவினார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஓர் ஆப்பில் டொக் என்று தட்டினார். ஆப்பு எகிறிப் போய் அத்தையின் மடியில் விழுந்தது. பக்கப் பலகை ஒரு பெருமூச்சோடு சாய்ந்தது, மேல்பலகை அதன் மேல் சாய்ந்தது, வாசலில் வெயில் வந்து நின்றது. எல்லோரும் தும்மினார்கள்.

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். "இவ்ளோ லேசாவா வரும்?" என்றார். பிறகு இன்னோர் ஆப்பைத் தட்டினார். பிறகு இன்னொன்று. நெஞ்சு கனத்திருந்தாலும் கை துறுதுறுத்தது. அடுத்த அலமாரியிடம் போகும்போது அவர் கிட்டத்தட்ட ஓடினார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் நிதானம் இல்லை. ஒவ்வோர் அலமாரியும் பிரியப் பிரிய, வயிற்றில் இருந்ததெல்லாம் கொட்டியது. உறை பிரிக்காத ஃபிளாஸ்க்குகள். ஜோடி தொலைத்த செருப்புகள். ஒரு கிராமத்தையே மழையிலிருந்து காப்பாற்றும் அளவுக்குக் குடைகள். யார் வீட்டிலிருந்து வந்தது என்றே தெரியாத ஒரு பித்தளை யானை.

"இத எப்ப வாங்கினோம்?" என்று மகள் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள்.

"தெரியல" என்றார்கள் அப்பாவும் அம்மாவும் ஒரே குரலில்.

அண்டை வீட்டார் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வந்தவர் கையில் அவள் ஒரு குடையைத் திணித்தாள். அவர் நன்றி சொல்வதற்குள் ஒரு ஃபிளாஸ்க்கையும் திணித்தாள். கொடுக்கக் கொடுக்க அவளுக்குத் தலை கிறுகிறுத்தது, சிரிப்பு சிரிப்பாக வந்தது. "எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க, திருப்பி மட்டும் குடுத்துடாதீங்க!" எதிர்வீட்டு டீச்சர் பித்தளை யானையை இடுப்பில் குழந்தைபோல் வைத்துக்கொண்டு போனார்.

அலமாரிகள் போன இடத்திலிருந்து தரை வந்தது. சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. "நமக்கு இவ்வளவு தரை இருந்துச்சா?" என்று அவள் வாயில் கை வைத்தாள். மகள் காலுறையோடு ஓடி வந்து சர்ரென்று சுவர்வரை வழுக்கினாள். "அம்மா, எதிரொலி வருது! மாமா, கத்துங்க!" தம்பி கத்தினான். வீடு திருப்பிக் கத்தியது. அத்தை முக்காலியில் இருந்தபடியே, "ஏய், என் காது!" என்று கத்தினார். அதையும் வீடு திருப்பிச் சொன்னது. அத்தைக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. தன் பேச்சை ஒலிபரப்ப ஒரு வீடு கிடைத்துவிட்டதே!

இரண்டே அலமாரிகள் மிச்சம் இருந்தபோது தச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தார். தலைமுடி முழுக்க மரத்தூள்.

"இங்க ரெண்டு நிக்குது. லாரில மத்தது எல்லாம் இருக்கு. ஒண்ணே ஒண்ணு நம்மகூட வரும். உனக்கு எது வேணும்? கூச்சப்படாம கேளு."

மாடிப்படியின் கீழே கேட்ட அதே குரல். இப்போது சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தாள். முக்காலி கிறீச்சிட்டது. அத்தை காதை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் வேணாம்" என்றாள் அவள்.

தச்சர் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கியது. "ஒண்ணுகூடப் பிடிக்கலையா?"

"ஐயோ, பிடிக்காம இல்லைங்க..."

"சரி, சரி. வேணாம்னா வேணாம்" என்று அவர் திரும்பிக்கொண்டு, கடைசி இரண்டையும் மளமளவென்று தட்டிப் பிரித்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

கடைசிப் பலகை நகர்ந்தபோது, சுவரில் சாய்ந்தபடி, ஒட்டடைப் போர்வைக்குள், காற்றில்லாத இரண்டு சக்கரங்களோடு நின்றது அந்தக் கறுப்பு சைக்கிள்.

"அட! இது இங்கயா இருந்துச்சு?" என்றான் தம்பி. மணியை அழுத்தினான். 'க்ர்ரிங்' என்று பாதித் தொண்டையில் அது பேசியது. அவள் ஓரடி முன்னால் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போடா" என்றார் தச்சர் பலகைகளை அடுக்கியபடி. "போற வழில பழைய இரும்புக் கடைல போட்டுடு. அலமாரியே வேணாங்கறா. இது யாருக்கு?"

தம்பி சைக்கிளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டினான். அது மட்டும் அந்த வாசலில் எங்கும் இடிக்காமல், அழகாக, ஒரே மூச்சில் வெளியே போனது.

அவள் கூடத்தின் நடுவே நின்றாள். கையில் ஒன்றும் இல்லை, சாய்ந்துகொள்ள ஓர் அலமாரி இல்லை, ஒளிந்துகொள்ள ஒரு கதவு இல்லை. வெளியே பலகைகளின் மேல் சைக்கிள் ஏறும் ஓசை கேட்டது. லாரிக் கதவு சாத்தும் ஓசை கேட்டது. இன்ஜின் இருமியது.

"என்னடி, வந்ததுலேர்ந்து பாக்கறேன், எதையோ மென்னு மென்னு முழுங்கற" என்றார் அத்தை. "அன்னைக்கு மாடிப்படிக்குக் கீழயும் இதே மூஞ்சிதான். நானும் இத்தனை வருஷமாக் காதைத் தீட்டி வெச்சிட்டு உக்காந்திருக்கேன். துப்பித் தொலையேன்!"

அவ்வளவுதான். அவள் வழவழப்பான தரையில் ஓடினாள். வாசலில் அடுத்த நடைக்காக அடுக்கிய பலகையைத் தாண்டினாள். செருப்பு ஒன்று படியிலேயே நின்றுவிட்டது. நகர ஆரம்பித்த லாரியின் பின்கதவைப் படபடவென்று அறைந்தாள். தம்பி பிரேக் போட்டதில் மேலே இருந்த சைக்கிள் தானாக மணி அடித்தது. "என்னாச்சு? என்னாச்சு?" என்று தச்சர் சுத்தியலோடு ஓடி வந்தார். மகள் வந்தாள். எதிர்வீட்டு டீச்சர் யானையோடு வெளியே வந்தார். அத்தை ஜன்னலில் தலையை நீட்டினார்.

அவள் எல்லோரையும் பார்த்தாள். மூச்சு வாங்கியது. சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. தெருவே கேட்கும்படி கத்தினாள்:

"எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுங்க! அன்னைக்கே இதத்தாங்க கேக்க வந்தேன். நீங்க பின்னாடியே சீட்டப் புடிச்சிட்டு ஓடி வரணும், ஏரிக்கரை முழுக்க!"